நீரும் நிறமும்

பசுமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் குளிர்கிறது. பசும்பயிர், பசும்புல், பசுஞ்சோலை என்று நாம் போற்றும் பொருள்கள் பல. மறவாத நினைவையும் 'பசுமையான நினைவு' என்றே சொல்கிறோம். ஆயினும், பசுமை எங்கே தோன்றினாலும் அது வளமைக்கு அறிகுறி ஆகுமா? வயலில் பசுமை கண்டால் உழவன் மகிழ்வான். குடிக்கும் நீரில் பசுமை கண்டால் யார் மகிழ்வார்? பயிருக்கு அழகு தரும் நிறமே நீருக்கு நோயாகிறது. இந்த நோய் எவ்வாறு வருகிறது, இதனைத் தீர்க்கும் வழி யாது என்று எண்ணிப் பார்ப்பது, ஏரிகளை நம்பி வாழும் நாட்டில் பிறந்த நமக்குக் கடமையாகும்.

சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ளது பாலவாக்கம். கிழக்கே வங்கக் கடல் அலை வீசுகிறது. மேற்கே பக்கிங்காம் கால்வாய் நீண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே மணற்பாங்கான நிலத்தில் ஊர் அமைந்துள்ளது. கடற்கரைக் குப்பத்தில் வாழும் மீனவர்கள் நீரின் நிறம் கண்டு கடலின் இயல்பைக் கூற வல்லவர்கள். கலங்கிய நீர் எது, தெளிந்த நீர் எது, மீன் வரும் நீர் எது என்பதை அவர்களுடைய கண்ணே அளந்துவிடும். அக்கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடந்தால், சிறிது நேரத்தில் கால்வாயைக் காண்போம். கடலின் நீலத்தைக் கண்டு வந்த கண்ணுக்கு அங்கே வேறொரு காட்சி கிடைக்கும். மாநகரின் கழிவுநீரைச் சுமந்து, விரைந்து ஓட மாட்டாமல் தளர்ந்து கிடக்கும் நீர் அது. அதனைக் கடந்து, பெருங்குடி வழியே மேலும் மேற்கே சென்றால் பள்ளிக்கரணைக் கழுவெளியை அடையலாம்.

கழுவெளி என்பது ஆழமில்லாத பரந்த சதுப்பு நீர்ப்பரப்பு. தென்சென்னையைச் சூழ்ந்த ஏரிகள் பலவற்றிலிருந்து வழியும் மழைநீர் இங்கே வந்து தங்குகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இக்கழுவெளியின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் சாலைகளும் குப்பைமேடும் கவர்ந்துகொண்டன. எஞ்சியதைக் காக்கும் எண்ணம் காலம் கடந்தேனும் தோன்றியது. 2007-ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற ஈரநிலங்களின் வரிசையாகிய ராம்சர் பட்டியலிலும் பள்ளிக்கரணை இடம் பெற்றது. பட்டியலில் பெயர் ஏறியது பெருமைதான். ஆனால், பெயரைக் காப்பது எளிது. நீரைக் காப்பதே அரிது. நீரைக் காக்க வேண்டுமானால் அதன் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

நம் நாட்டு ஏரிகளும் குளங்களும் பெரும்பாலும் ஆழமற்றவை. மழைநீரைத் தேக்குவதற்காக முன்னோர் கரை எழுப்பி அமைத்தவை அவை. ஆழமான ஏரிக்கும் ஆழமற்ற ஏரிக்கும் வேறுபாடு உண்டு. ஆழமான ஏரியின் அடியில் சேர்ந்த வண்டல், நெடுநாள் அங்கேயே அடங்கிக் கிடக்கும். ஆழமற்ற ஏரியிலோ, பலமான காற்று வீசினாலும் அடிமண் கலங்கி மேலே வரும். மீன் கிளறினாலும் கலங்கி வரும். அங்கே நீர் தெளிந்திருந்தால் வெயில் அடிமண் வரை எட்டும். அடியில் செடிகள் முளைக்கும். ஆகவே, ஆழமற்ற ஏரியில் மண்ணும் நீரும் வெயிலும் மீனும் ஒரே வீட்டில் வாழும் உறவினரைப் போன்றவை. ஒருவர் செய்யும் செயல் மற்றவர் அனைவரையும் தொடும்.

இனி, பாசி என்பது யாது என்று பார்ப்போம். நீருக்குப் பச்சை நிறம் தருபவை கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாத நுண்பாசிகள். ஒரு துளி நீரில் அவை ஆயிரக்கணக்கில் மிதக்கும். வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. நீர்வாழ் உயிர்களின் உணவுக்கு அவையே அடிப்படை. ஆதலால் பாசியை நாம் பகையாகக் கருத வேண்டியதில்லை. அளவோடு இருக்கும் வரை அது ஏரிக்குச் சோறு. அளவை மீறும்போதுதான் அது ஏரிக்கு நஞ்சு. ஊர்ப்பேச்சில் 'வேலம்பாசி' என்று வழங்குவது பாசி வகையைச் சேர்ந்தது அன்று. தண்டும் வேரும் உடைய நீர்ச்செடி அது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏரிக்கு இவ்விரண்டும் செய்யும் பணி வேறு. நுண்பாசி நீரை மறைக்கும். நீர்ச்செடி நீரைத் தெளிவிக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பயிர் வளர எரு வேண்டும் என்பதை உழவன் அறிவான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று அவற்றைப் பிரித்தும் சொல்வான். நுண்பாசியும் ஒரு வகையில் பயிரே. அதற்கும் சத்து வேண்டும். நிலத்தில் இட்ட உரம் மழையில் கரைந்து வந்தாலும், வீட்டுக் கழிவுநீர் வந்து சேர்ந்தாலும், நீருக்குள் நாம் எரு இட்டதாகவே ஆகும். இச்சத்துகளுள் எது பாசியைப் பெருக்குவதில் தலைமை பெறுகிறது என்பது ஒரு காலத்தில் அறிஞரிடையே பெரும் வாதமாக இருந்தது. கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றேரி ஒன்று அந்த வாதத்துக்கு விடை கூறியது. 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், இடை சிறுத்து இரு பகுதியாக அமைந்த அந்த ஏரியின் நடுவே திரை ஒன்றை இட்டு அதனை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் மட்டும் சேர்த்தனர். மறு பகுதியில் அவ்விரண்டோடு மணிச்சத்தையும் சேர்த்தனர். சில வாரங்களில் மணிச்சத்துச் சேர்ந்த பகுதி பச்சைப் பசேல் என்று மாறியது. மற்றொரு பகுதி தெளிவாகவே நின்றது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரு நிறமாகத் தோன்றியது. படித்தவரும் படியாதவரும் பார்த்தவுடன் உணரத்தக்க சான்றாக அந்தப் படம் விளங்கியது.

இந்த மணிச்சத்து நம் ஏரிகளுக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மனிதர் ஓராண்டில் கழிக்கும் மணிச்சத்து ஏறத்தாழ அரைக் கிலோ. ஒரு கிலோ மணிச்சத்து ஏறத்தாழ 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்கும் ஆற்றல் உடையது. ஆயிரம் பேர் வாழும் தெரு ஒன்றின் கழிவு முழுவதும், தூய்மை செய்யப்படாமல் ஏரியில் கலந்தால், ஓராண்டில் சேரும் மணிச்சத்து 500 கிலோ. அது வளர்க்கக்கூடிய பாசி 2,50,000 கிலோ. அதாவது 250 டன். சலவைத்தூளிலும் மணிச்சத்துக் கலந்திருந்தால் கணக்கு இன்னும் ஏறும். ஏரியில் எவரும் பாசியை விதைப்பதில்லை. ஆனால், நம் வீட்டுக் கழிவுக் குழாய் நாள்தோறும் அதற்கு எரு இடுகிறது. எரு இட்டவர் நாம். விளைச்சலைக் கண்டு வெறுப்பவரும் நாமே.

பாசி பெருகுவதால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் வினவலாம். பகலில் பாசி உயிர்க்காற்றை வெளியிடுகிறது. இரவில் தானும் மூச்சு விட்டு அக்காற்றைச் செலவழிக்கிறது. மடிந்த பாசி மக்கும்போது மேலும் செலவாகிறது. ஆகவே, பாசி அடர்ந்த குளத்தில் விடியற்காலையில் உயிர்க்காற்று மிகக் குறைந்து விடும். அந்த வேளையில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். விளையாட்டு என்று கருதி அதனைப் பார்த்து மகிழ்கிறோம். உண்மையில் அவை மூச்சுக்குத் திணறுகின்றன. மறுநாள் வெள்ளை வயிறு காட்டி அவை மிதக்கும்போதுதான் நமக்கு உண்மை விளங்குகிறது.

கேடு மீனோடு நிற்பதில்லை. நீலப்பச்சைப் பாசிகளுள் சில வகைகள் நஞ்சை உண்டாக்குபவை. அமெரிக்காவில் உள்ள ஈரி என்னும் பேரேரியின் மேற்குப் பகுதி ஆழம் குறைந்தது. சூழவுள்ள வயல்களின் உரம் ஆறுகளின் வழியே அங்கே வந்து சேர்கிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்பகுதியில் இத்தகைய பாசி பெருகி, டொலீடோ நகரத்தின் குடிநீரில் நஞ்சு கலந்தது. ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் குழாய் நீரைக் குடிக்க வேண்டா என்று எச்சரிக்கப்பட்டனர். காய்ச்சினாலும் அந்த நஞ்சு நீங்காது. கடல் போன்ற ஏரியின் கரையில் வாழ்ந்தும், அந்நகரத்தார் குடிநீருக்குக் கடைதேடி அலைய நேர்ந்தது. செல்வமும் அறிவியலும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை வருமானால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

இதுவரை சத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால், சத்து ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஒரே அளவு சத்துடைய இரண்டு குளங்களில் ஒன்று தெளிந்தும் மற்றொன்று பசுமை படர்ந்தும் இருப்பது உண்டு. இதற்குக் காரணம் என்ன? நீருக்குள் நடக்கும் உண்ணலும் உண்ணப்படுதலுமே காரணம். நுண்பாசியை மேய்ந்து வாழும் சிற்றுயிர்கள் நீரில் உண்டு. அவற்றுள் ஒன்று நீர்த்தெள்ளு. எள்ளினும் சிறியதாகிய அது, நாள் முழுவதும் நீரை வடித்துப் பாசியை உண்டுகொண்டே இருக்கும். அந்தத் தெள்ளைச் சிறு மீன்கள் உண்ணும். சிறு மீன்களை விரால், வாளை முதலிய பெரிய மீன்கள் உண்ணும். ஆகவே, விரால் குறைந்தால் சிறு மீன் பெருகும். சிறு மீன் பெருகினால் தெள்ளு குறையும். தெள்ளு குறைந்தால் பாசி பெருகும். ஒரு விராலைப் பிடிப்பதற்கும் ஏரியின் நிறத்துக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கிறது அன்றோ?

இது கற்பனை அன்று. ஆய்ந்து கண்ட உண்மை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் கிரிஸ்டல் ஏரி என்று ஓர் ஏரி உண்டு. அதன் சிற்றுயிர்களை 1942-இல் ஆராய்ந்தபோது பெரிய உருவம் உடையவை மிகுந்திருந்தன. பின்னர் அங்கே ஏல்வைஃப் மீனுக்கு நெருங்கிய உறவான மீன் ஒன்று வந்து பெருகியது. 1964-இல் மீண்டும் ஆராய்ந்தபோது பெரிய சிற்றுயிர்கள் மறைந்து, சிறியவையே எஞ்சி நின்றன. கண்ணுக்குப் புலப்படும் இரையை எல்லாம் அம்மீன் பொறுக்கித் தின்றுவிட்டது. புரூக்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1965-இல் இதனை வெளியிட்டனர்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. கொசுவின் புழுக்களை உண்ணும் கம்பூசியா என்னும் சிறு மீன் 1928-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொசுவை ஒழிக்கக் கிணறுகளிலும் குட்டைகளிலும் அதனை விடுவது வழக்கமாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால், அந்த மீன் கொசுப்புழுவோடு நிற்பதில்லை, நீர்த்தெள்ளையும் உண்ணும். 1972-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இம்மீனை விட்ட செயற்கைக் குட்டைகளில் சிற்றுயிர்கள் அருகி, நுண்பாசி பெருகக் கண்டனர். மீன் விடாத குட்டைகள் அவ்வாறு பசுமை அடையவில்லை. ஒரு தொல்லையைத் தீர்க்கும் விரைவில் மற்றொரு தொல்லையை வரவழைத்துக் கொள்ளக் கூடாது என்பது இதனால் பெறும் பாடம்.

அடிமண்ணைக் கிளறும் மீன்களின் செயலும் கருதத்தக்கது. சாதாக் கெண்டை என்று வழங்கும் அயல்நாட்டுக் கெண்டை, சேற்றில் வாயை நுழைத்து இரை தேடும் இயல்புடையது. 1939-இல் அது இலங்கையிலிருந்து உதகமண்டலம் ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஜிலேபி மீன் என்று சந்தையில் விற்கப்படும் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. அது ஏரியின் அடியில் குழி பறித்து முட்டையிடும். முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஆண்டில் பல முறை இனம் பெருக்கும். இத்தகைய மீன்கள் மிகுந்தால் சேறு கலங்கும். சேற்றில் அடங்கிக் கிடந்த மணிச்சத்து நீரில் கலக்கும். வெயில் அடியை எட்டாமல் செடிகள் மடியும். செடி மடிந்தால் சேற்றைப் பிடித்து வைக்கும் வேர் இல்லை. தெள்ளுக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. கலக்கம் கலக்கத்தையே வளர்க்கும்.

இதனால் ஆழமற்ற ஏரி இரண்டு நிலைகளுள் ஒன்றில் நிலைத்து நிற்க முனைகிறது. ஒன்று, செடி வளர்ந்து நீர் தெளிந்த நிலை. மற்றொன்று, செடி அழிந்து பாசி படர்ந்த நிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் சரிவது எளிது, மீள்வது கடினம். நெதர்லாந்து நாட்டில் வெலுவமீர் என்னும் ஆழமற்ற ஏரி இவ்வாறு சரிந்தது. 1979-ஆம் ஆண்டில் அங்கு வந்து விழும் கழிவுநீரிலிருந்து மணிச்சத்தை அகற்றத் தொடங்கினர். சத்து வரவு குறைந்தது. ஆனால், ஆண்டுகள் பல சென்றும் நீர் முற்றத் தெளியவில்லை. சேற்றைக் கிளறும் பிரீம் என்னும் மீன் அங்கே மிகுந்திருந்தது. 1990-களில் அம்மீனைப் பெருமளவில் பிடித்து அகற்றினர். அடியில் செடிகளும் படர்ந்தன. அப்பத்தாண்டுக்குள் நீர் தெளிந்தது. சத்தைக் குறைக்காமல் மீனை மட்டும் அகற்றியிருந்தாலும் பயன் நிலைத்திராது. மீனைக் கருதாமல் சத்தை மட்டும் குறைத்ததும் போதவில்லை. ஒரு கையால் கதவை அடைத்து, மறு கையால் வீட்டைப் பெருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்டு மருந்தை அப்படியே நம் நாட்டுக்கும் கொண்டுவரலாமா? இங்கே ஒரு தடை உண்டு. அது குளிர்நாடு. அங்கே மீன்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே குஞ்சு பொரிக்கும். நம்முடையது வெயில் நாடு. இங்கே சிறு மீன்களுள் பல ஆண்டு முழுவதும் பெருகும். செடியின் மறைவிலும் அவை கூட்டமாக வாழும். ஆகையால் பெரிய நீர்த்தெள்ளு இங்கே செழிப்பது அரிது. இன்று அகற்றிய மீன் சில திங்களில் மீண்டும் நிறைந்துவிடும். எனவே, மீனைக் கொண்டு நீரைத் தெளிவிக்கும் முறை குளிர்நாட்டில் தரும் பயனை வெப்ப நாட்டில் அவ்வளவாகத் தருவதில்லை. நமக்குச் சத்தின் வரவைத் தடுப்பதே முதல் மருந்து. மீனைச் சீர்செய்வது துணை மருந்து. இந்த வரிசை மாறக் கூடாது என்பதே என் கருத்து.

ஆனால், நடைமுறையில் இந்த வரிசை மாறிவிடுவதைக் காண்கிறோம். ஏரி பசுமை அடைந்தவுடன், மயில்துத்தம் தெளிக்கலாம் என்பார் சிலர். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், சத்தைக் கொல்லாது. மடிந்த பாசியிலிருந்து அதே சத்து வெளிப்பட்டு, அடுத்த பாசிக்கு உணவாகும். பாசி தின்னும் மீனை விடலாம் என்பார் வேறு சிலர். மீன் பாசியை உண்ணும் என்பது மெய்யே. உண்ட சத்தில் பெரும்பகுதியைக் கழிவாக மீண்டும் நீரிலேயே விடும் என்பதும் மெய். பிடித்துக் கரையேற்றும் மீனோடு சிறிது சத்து வெளியேறும்; ஆயினும், கழிவுநீர் நாள்தோறும் கொண்டுவந்து கொட்டுவதற்கு அது ஈடாகாது. கரைக்கு நடைபாதை அமைத்து, விளக்கு இட்டு, படகு விட்டால் ஏரி சீரடைந்தது என்று கருதுவோரும் உளர். முகத்தில் பூச்சு பூசினால் உள்ளிருக்கும் காய்ச்சல் தணியுமா?

நம் முன்னோர் மணிச்சத்து என்ற பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால், அதற்கு வழி செய்ய அறிந்திருந்தார்கள். கோடையில் ஏரி வற்றியபோது ஊரார் ஒன்றுகூடித் தூர் வாரினர். அதனைக் குடிமராமத்து என்றனர். வாரிய வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுசென்றனர். வயலிலிருந்து மழை கரைத்து வந்த சத்து, வண்டலாகப் படிந்து, மீண்டும் வயலுக்கே எருவாகத் திரும்பியது. ஏரி ஆழம் பெற்றது. வயல் வளம் பெற்றது. நீர் தெளிவு பெற்றது. ஒரு செயலில் மூன்று பயன் விளைந்தது. இன்று அந்தச் சுழற்சி அறுந்துவிட்டது. வயலுக்கு மூட்டையில் உரம் வருகிறது. வண்டலோ ஏரியிலேயே தங்கிவிடுகிறது. நகரத்து ஏரியைச் சுற்றி வயலே இல்லை, வீடுகளே உள்ளன. வயலுக்குச் செல்ல வேண்டிய சத்து நீருக்குச் செல்கிறது. செல்வத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதனால் நோயையும் வாங்கிக்கொள்ளும் வாணிகம் இது.

இங்கே மீன் வளர்ப்போருடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் முதலிய மீன்களை வளர்க்கும் குளத்தில் சாணமும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இடுகின்றனர். அங்கே நீர் சற்றுப் பசுமையாக இருப்பதே நல்லது. அந்தப் பசுமைதான் மீனுக்கு இரையாகிறது. பலருக்குப் பிழைப்பும் உணவும் தரும் அத்தொழிலை நாம் குறை கூற இயலாது. ஆனால், மீன் வளர்க்கும் குளம் வேறு. குடிக்கும் ஏரி வேறு. ஒரே நீரில் இரண்டு பயன்களையும் முழுமையாகப் பெற நினைப்பது பேராசை. குடிநீருக்கும் கிணற்றின் ஊற்றுக்கும் துணையாக உள்ள ஏரியில் எரு இட்டு மீன் வளர்க்க இசைவு தரலாகாது. மீன் வளர்ப்போருக்குத் தனிக்குளங்கள் அமைத்துத் தருவதே இரு சாராருக்கும் நன்மை.

செய்ய வேண்டியவை பல; ஆனால் அவை அரியவை அல்ல. கழிவுநீர் எந்த வழியாகவும் ஏரிக்குள் நுழையாதபடி தடுத்து, தூய்மை செய்யும் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அழுக்கை நீக்குவதோடு நில்லாமல் மணிச்சத்தையும் நீக்க வேண்டும். மழைநீர் வரும் கால்வாயில் கழிவுக் குழாயை இணைப்பது குற்றம் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் உணர வேண்டும். ஏரியின் ஓரத்தில் வளரும் கோரையையும் சம்பையும் நாணலையும் களை என்று எண்ணி முற்றும் அழித்துவிடக் கூடாது. அவை வருகின்ற சத்தை வேரால் உறிஞ்சி, நீரை வடித்துத் தரும் காவலர்கள். ஆகாயத்தாமரை அவ்வாறன்று, நீர்ப்பரப்பை மூடி ஒளியை மறைப்பது. அதனை வாரிக் கரையில் போட்டு வைத்தால் மழையில் அழுகிச் சத்து மீண்டும் ஏரிக்கே வரும். எருவாக மக்கவைத்து வெளியே கொண்டுசெல்ல வேண்டும். விரால் போன்ற நாட்டு மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் அவற்றைப் பிடிக்காமல் விட வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன அயல்நாட்டு மீனை ஏரியில் விடுவது இரக்கம் அன்று. அது ஏரிக்குச் செய்யும் தீங்கு.

மாணவர்களே! இவற்றுள் பெரிய செயல்கள் அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. ஆயினும், நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஏரியின் நீரைத் திங்கள்தோறும் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பாருங்கள். அதன் நிறத்தைக் குறித்து வையுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று அளந்து எழுதுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு, கரையிலோ படித்துறையிலோ நின்று இதனைச் செய்யலாம். ஈராண்டுகள் இவ்வாறு எழுதினால், நீர் தெளிகிறதா கலங்குகிறதா என்பது உங்கள் ஏட்டிலேயே தெரியும். இத்தாலியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆஞ்செலோ செக்கி என்னும் அறிஞர் 1865-ஆம் ஆண்டில் இவ்வாறே வட்டத் தட்டைக் கடலில் இறக்கித் தெளிவை அளந்தார். இன்றும் உலகெங்கும் ஏரி ஆய்வாளர் அந்தத் தட்டைக் கைவிடவில்லை. ஊருக்கு ஓர் ஏடு அவ்வாறு இருக்குமானால், 'ஏரி எப்போது கெட்டது?' என்று கேட்டு விடை தெரியாமல் நிற்கும் நிலை வராது.

பாலவாக்கத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால், மேற்கே உள்ள கழுவெளி கண்ணுக்குத் தோன்றாது. ஆனால், அங்கே தேங்கும் நீர் மடுவு கடந்து, கால்வாய் கடந்து, கழிமுகம் கடந்து இந்தக் கடலுக்கே வருகிறது. ஏரியில் நாம் விட்ட அழுக்கு அங்கேயே நின்றுவிடும் என்று கருதுவது அறியாமை. நீர் எதையும் மறைத்து வைப்பதில்லை. கொடுத்ததைக் கொடுத்தவாறே காட்டுகிறது. எருவைக் கொடுத்தால் பாசியாகக் காட்டும். அக்கறையைக் கொடுத்தால் தெளிவாகக் காட்டும். ஓர் ஊரின் ஒழுக்கத்தை அறிய அதன் மாளிகைகளைப் பார்க்க வேண்டியதில்லை. அதன் ஏரியின் நிறத்தைப் பார்த்தால் போதும்.